கூண்டு இறக்கிய பிறகு

கார்த்திகை பதினாறு, இரவு பதினொன்றரை.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
படகுச் சங்கத்தின் சர்வரில்
நான் சேர்த்தது ஒரே ஒரு வரி:
'காற்று' பக்கத்தைத் தேடி வருகிறவர்களைப்
'புயல்' பக்கத்துக்கு அனுப்பு.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
கரண்ட் எந்த நிமிடமும் போகும்.
அந்த அவசரத்தில்
302 என்று அடிக்கவேண்டிய இடத்தில்
301 என்று அடித்தேன்.

302 என்றால்
இப்போதைக்கு அங்கே போ,
அடுத்த முறையும் என்னைக் கேட்டுவிட்டுப் போ.
301 என்றால்
வீடே மாறிவிட்டது,
இனி என்னைக் கேட்காதே.

தொப்பிக்குறியும் போடவில்லை.
'கடலூர் ஒண்ணு' என்று கை நீட்டுபவரிடம்
ஓ.டி.யா என்.டி.யா என்று கேட்காமல்
டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் மாதிரி
அந்த விதி
காற்று என்ற சொல் எங்கே இருந்தாலும் பிடித்து இழுத்தது.
என்ஜின் காற்று வடிகட்டி விலைப்பட்டியல் பார்க்க வந்தவருக்கும்
மூன்றாம் எண் கூண்டு.

புயல் தன் பாட்டுக்கு வடக்கே போய்விட்டது.
கூண்டை இறக்கினார்கள்.
என் வரியை நானும் அழித்தேன்.
கீழே இறங்கிப்போய்
ரெண்டு பரோட்டா தின்றேன்.

நான்காம் நாள் சோனாங்குப்பத்திலிருந்து கலிவரதன்:
"ஏம்மா, கடலு தாம்பாளமாட்டம் கெடக்குது.
பக்கத்து போட்டுக்காரன் நெத்திலி அள்ளியாறான்.
ஒங்க இதுல மட்டும் இன்னும் செவப்பா
போவாத போவாதன்னு நிக்குது.
அஞ்சலாட்சி அதப் பாத்துட்டு
என்ஜினுக்குப் பூட்டு போட்டு
சாவிய முந்தானையில முடிஞ்சிக்கிட்டா."

இப்போது திறந்து பாருங்கள் என்றேன்.
சர்வர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
'காற்று' வாசலில் ஒரு காலடியும் இல்லை.
'புயல்' கதவு மட்டும் ஒருமுறை அசைந்தது.
அவர் போன் என்னிடம் கேட்கவே இல்லை.
ஏன் கேட்கவேண்டும்?
நிரந்தரம் என்று சொன்னதே நான்தானே.

அழித்தது என் பக்கத்தில்.
சொன்ன சொல்லோ
சோனாங்குப்பத்தில், ஒரு சட்டைப்பையில்,
செதில் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால்.

சரி, புயலிலிருந்து காற்றுக்கே திருப்பிவிடலாம் என்று
இன்னொரு விதி எழுதினேன்.
காற்று என்றால் புயலுக்குப் போ என்றது அவர் போன்.
புயல் என்றால் காற்றுக்குப் போ என்றது என் சர்வர்.
இருபது முறை அலைந்துவிட்டு
திசைதிருப்பல் மிக அதிகம் என்று
வெள்ளைத் திரையாய் விழுந்துவிட்டது.
"இப்ப செவப்பும் காணும்மா" என்றார் கலிவரதன்.
பின்னால் அஞ்சலாட்சியின் குரல்:
"பாத்தியா, வெள்ளையாயிடுச்சி, இது இன்னும் மோசம்."

அந்த விதியையும் எடுத்தேன்.
கொஞ்ச நேரம்
ஜன்னலுக்கு வெளியே
எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஆடும் லுங்கியைப் பார்த்தபடி இருந்தேன்.
வாடைதான். மெதுவாக.

பிறகு செய்தது இவ்வளவுதான்.
யாரையும் எங்கும் அனுப்பவில்லை.
அவர் வந்து நிற்கிற 'புயல்' பக்கத்திலேயே
சிவப்பைத் துடைத்துவிட்டு
அன்றைய காற்றை எழுதிவைத்தேன்:
வடகிழக்கு வாடை, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்,
அலை ஒரு மீட்டருக்குக் கீழே.

விடிகாலை நாலேகாலுக்குச்
சாவி கிடைத்துவிட்டதாக மிஸ்டு கால்.

தை பிறந்துவிட்டது.
பதிவேட்டில் இன்னும் முப்பத்தேழு போன்கள்
நேராகப் 'புயல்' வாசலுக்கே வருகின்றன.
போன வாரம் நாற்பத்தொன்று.
நான்கு பேர் புதுப் போன் வாங்கியிருக்கலாம்,
அல்லது பழையது கடலில் விழுந்திருக்கலாம்.

அடுத்த மாதம் எனக்குப் புதுச்சேரியில் வேலை.
விதிகள் உள்ள கோப்பின் தலைமாட்டில்,
சர்வர் படிக்காமல் தாண்டிப்போகும்படி
முன்னால் ஒரு # இட்டு,
எனக்குப் பின் வருகிறவருக்கு எழுதியிருக்கிறேன்:

# 'புயல்' பக்கத்தை அழிக்கவேண்டாம்.
# பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்.
# தினமும் காலை மூன்றரைக்குள் காற்றைப் புதுப்பிக்கவும்.
# கலிவரதன் இந்த வழியாகத்தான் வருகிறார்.